டிபி முடிந்தும் விடாத இருமல்: ஆஸ்பர்ஜில்லஸ் ஆன்டிபாடி ரத்தப் பரிசோதனைக்கு முழுமையான வழிகாட்டி

ஆறு மாதம் டிபி மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டு முடித்தாயிற்று. சளியில் கிருமி இல்லை என்று எழுதியும் கொடுத்துவிட்டார்கள். ஒன்றிரண்டு வருஷம் நன்றாக இருந்துவிட்டு மறுபடி இருமல் தொடங்குகிறது. சட்டை தொளதொளக்கிறது, காலையில் துப்பும் சளியில் ரத்தக் கீற்று தெரிகிறது. வீட்டில் எல்லோரும் ‘திரும்ப டிபிதான்’ என்று முடிவு கட்டிவிடுவார்கள். சில சமயம் சளியில் கிருமி கிடைக்காமலே இரண்டாம் சுற்று டிபி மருந்தும் தொடங்கிவிடும். இப்படிப்பட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு வந்திருப்பது டிபியே இல்லை. டிபி நுரையீரலில் விட்டுப்போன குழியில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை குடியேறியிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க உதவும் முக்கியமான ரத்தப் பரிசோதனைதான் ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஜி ஆன்டிபாடி. பூஞ்சையை எதிர்த்து உடம்பு தயாரிக்கும் புரதம்தான் ஆன்டிபாடி, அதில் ஒரு வகை ஐஜிஜி.

காரைக்குடியில் சீட்டு வாங்கி ரத்தம் எடுக்கிற லேப் வேலை என்னுடையது. மருந்து எழுதுவது மருத்துவர் பாடு. அதனால் எந்தச் சோதனை, எப்போது, எங்கே, ரிப்போர்ட்டை எப்படிப் பார்ப்பது என்பதை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். ஒன்றை இப்போதே சொல்லிவிட வேண்டும். இந்தச் சோதனை தனியாக நின்று எந்த நோயையும் உறுதி செய்யாது. சிடி படமும் நோயாளியின் கதையும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்கு அர்த்தம்.

படி 1: இந்தச் சோதனை உங்களுக்குத்தானா என்று பாருங்கள்

‘ஃபங்கஸ்’ என்ற ஒரே சொல்லுக்குள் பல நோய்கள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் ரத்தத்தில் ஆன்டிபாடி பார்த்துப் பயனில்லை.

இடுப்பிலும் தொடை இடுக்கிலும் வரும் படர்தாமரைக்கு ரத்தப் பரிசோதனை வேண்டியதே இல்லை. தோலைச் சுரண்டி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் தெரிந்துவிடும். ‘ரத்தத்திலேயே ஃபங்கஸ் கலந்திருக்கு, டெஸ்ட் எடுங்க’ என்று கேட்டு வருபவர்களில் பாதிப்பேர் இந்த ரகம். அவர்களைத் தோல் மருத்துவரிடம் அனுப்புவதுதான் நியாயம்.

வாயிலும் பிறப்புறுப்பிலும் வரும் கேண்டிடா நம்மில் பலர் உடம்பிலும் சாதாரணமாகவே இருக்கும் பூஞ்சை. அதனால் அதற்கெதிரான ஆன்டிபாடி நலமாக இருப்பவருக்கும் இருக்கும். 2021-இல் கொரோனாவோடு சேர்ந்து பயமுறுத்திய கறுப்புப் பூஞ்சைக்கு, அதாவது மியூகர்மைகோசிஸுக்கு, நம்பத்தகுந்த ரத்த ஆன்டிபாடி சோதனை கிடையாது. மூக்கிலிருந்தோ சைனஸிலிருந்தோ சதை எடுத்துப் பார்க்க வேண்டும். சர்க்கரை கட்டுக்கடங்காமல் இருப்பவருக்கு ஒரு பக்க முகவலி, கண் வீக்கம், மூக்கில் கறுப்பு என்று வந்தால் லேப் வாசலில் நேரத்தைப் போக்காதீர்கள். நேராக காது மூக்கு தொண்டை மருத்துவர் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அப்படியென்றால் யாருக்கு?

முதல் ரகம், ஏற்கெனவே டிபி வந்து, நுரையீரலில் குழியோ தழும்போ இருக்க, மூன்று மாதத்துக்கு மேல் இருமல், சளி, ரத்தம், எடை இறக்கம், அசதி என்று இருப்பவர்கள். நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்பது இவர்களுக்கு வருவது. 1960-களின் கடைசியில் பிரிட்டனில், டிபி குணமாகி 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் குழி தங்கிப்போன 544 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு ரத்தத்தில் ஆஸ்பர்ஜில்லஸ் ஆன்டிபாடி இருந்தது. சில வருஷம் கழித்துப் பார்த்தபோது அது மூன்றில் ஒருவராகியிருந்தது. டிபி இவ்வளவு பேருக்கு வருகிற நம் நாட்டில் இந்தக் கணக்கை நினைவில் வைப்பது நல்லது. டிபியின்றி, பல வருஷம் பீடி குடித்து நுரையீரல் கெட்டவர்களும் இந்த ரகத்தில் வருவார்கள்.

இரண்டாம் ரகம், ஆஸ்துமா. இன்ஹேலர் போட்டும் அடங்காத வீசிங், பழுப்பு நிறத்தில் கட்டிகட்டியாகச் சளி, எக்ஸ்ரேயில் வந்து வந்து மறையும் வெள்ளைப் புள்ளிகள். இது பூஞ்சை உடம்பைத் தின்பதால் வருவதில்லை. பூஞ்சையைக் கண்டு உடம்பு ஒவ்வாமையில் கொந்தளிப்பதால் வருவது. ஏபிபிஏ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். 1952-இல் பிரிட்டனில் முதன்முதலில் விவரிக்கப்பட்ட நோய் இது. இந்தியாவில் இதையும் டிபி என்று நினைத்து மருந்து கொடுப்பது வெகு சாதாரணம்.

மூன்றாவதாக, கீமோதெரபி எடுப்பவர், உறுப்பு மாற்று செய்தவர், நீண்ட நாள் அதிக ஸ்டீராய்டில் இருப்பவர். பூஞ்சை வேகமாகப் பரவும் ஆபத்து இவர்களுக்குத்தான் அதிகம். ஆனால் இந்த ஆன்டிபாடி சோதனை கைகொடுக்காததும் இவர்களுக்குத்தான். ஆன்டிபாடியைத் தயாரிக்கும் சக்தியே உடம்பில் குறைந்துபோயிருக்கும் போது, ரிப்போர்ட்டில் ‘நெகட்டிவ்’ என்று வந்தால் அதை நம்ப முடியாது. இவர்களுக்குப் பூஞ்சையின் துணுக்கையே தேடும் கேலக்டோமன்னன் என்ற ஆன்டிஜென் சோதனை தேவை.

படி 2: சீட்டில் எந்தச் சோதனை எழுதியிருக்கிறது என்று தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

அதிகப் பணம் வீணாவது இந்த இடத்தில்தான். சீட்டில் மருத்துவர் அவசரத்தில் ‘ஆஸ்பர்ஜில்லஸ்’ என்று மட்டும் கிறுக்கியிருப்பார். லேப் கம்ப்யூட்டரில் அந்தப் பெயரைத் தட்டினால் நாலைந்து வரி வந்து நிற்கும். ஐஜிஜி, ஐஜிஇ, ஐஜிஎம், கேலக்டோமன்னன், பிசிஆர். விலையும் வேறு, பதில் சொல்லும் கேள்வியும் வேறு. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“ஏந்தம்பி, ஃபங்கஸ் டெஸ்ட்டுன்னுதானே எழுதியிருக்கு. எடுத்துவிட வேண்டியதுதானே? கீரனூர் பஸ்ஸு போயிரும்.”

“ஆச்சி, இதிலேயே மூணு நாலு டெஸ்ட் இருக்கு. டாக்டருக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுட்டு எடுத்தா, மறுபடி உங்களக் குத்த வேண்டியிருக்காது.”

அந்த ஒரு போன் அவசியம். நீங்களே மருத்துவரிடம் இருக்கும்போதே கேட்டு எழுதி வாங்கிவிட்டால் இன்னும் நல்லது. வித்தியாசம் இதுதான்.

ஐஜிஜி: பூஞ்சை உடம்பில் நாள்பட இருந்து, உடம்பு அதை எதிர்த்துக்கொண்டிருப்பதன் அடையாளம். டிபி குழியில் பூஞ்சையா என்ற கேள்விக்கு இதுதான் சோதனை. நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ் உள்ளவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இது கூடியிருக்கும்.

ஐஜிஇ: ஒவ்வாமையின் ஆன்டிபாடி. ஆஸ்துமாக்காரர்களுக்கு இது. இதிலும் இரண்டு உண்டு. உடம்பில் உள்ள மொத்த ஐஜிஇ ஒன்று, ஆஸ்பர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸுக்கென்றே உள்ள தனி ஐஜிஇ இன்னொன்று. ஏபிபிஏ சந்தேகத்துக்கு இரண்டுமே வேண்டும். மொத்த ஐஜிஇ மட்டும் எடுத்து, ‘ரெண்டாயிரம் இருக்கு, ஃபங்கஸ்தான்’ என்று பயந்து வருபவர்கள் உண்டு. வயிற்றில் நாக்குப்பூச்சி, யானைக்கால் புழு, தோல் அரிப்பு நோய் என்று எதுவும் மொத்த ஐஜிஇயை ஏற்றும்.

ஐஜிஎம்: நாள்பட்ட நுரையீரல் பூஞ்சைக்கு இதைத் தனியாக எடுப்பதில் பெரிய பலன் இல்லை. ‘பேக்கேஜ்’ என்ற பெயரில் சேர்த்து விற்றால், தேவையா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.

சளியில் பூஞ்சை வளர்கிறதா என்று பார்ப்பதும் உண்டு. வளர்ந்தாலும் அது நோய்தான் என்று சொல்ல முடியாது. காற்றில் மிதந்து வந்து தொண்டையில் சும்மா உட்கார்ந்திருந்ததாகவும் இருக்கலாம். வளராவிட்டால் நோய் இல்லை என்றும் அர்த்தமில்லை. ரத்த ஆன்டிபாடிக்கு இவ்வளவு மதிப்பு வந்ததே இந்தச் சிக்கலால்தான்.

படி 3: போகும்முன் பழைய காகிதங்களைத் திரட்டுங்கள்

பழைய எக்ஸ்ரேயைத் தூக்கிப்போடாமல் வைத்திருக்கும் வீடுகள் நம் பக்கம் நிறைய. பெட்டகசாலையில் பித்தளைப் பாத்திரங்களோடு சுருட்டி வைத்திருப்பார்கள். அதை எடுத்துக்கொண்டு போங்கள். டிபி முடிந்தபோது எடுத்த படமும் இப்போதைய படமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால், குழி பெரிதாகியிருக்கிறதா, சுவர் தடித்திருக்கிறதா, உள்ளே உருண்டை புதிதாக வந்திருக்கிறதா என்பது தெரிந்துவிடும். எந்த ஆன்டிபாடி எண்ணும் சொல்லாத விஷயம் அது.

அதோடு டிபி மருந்து எந்த மாதம் தொடங்கி எப்போது முடிந்தது, அப்போது சளியில் கிருமி கிடைத்ததா இல்லையா என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள். டிபி பிரிவு கொடுத்த அட்டை இருந்தால் போதும். இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும் தெரிய வேண்டும். முக்கியமாக ஸ்டீராய்டு. மூட்டு வலிக்கு எங்கேயோ வாங்கிச் சாப்பிடும் பெயர் தெரியாத பொடி, மாத்திரையையும் மறைக்காதீர்கள். சிலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். அது ஐஜிஇயை இறக்கிக் காட்டும், ஐஜிஜியையும் குழப்பலாம்.

வேலையையும் வீட்டையும் பற்றிச் சொல்லுங்கள். அரிசி மில், வைக்கோல் போர், நெல் குதிர், கோழிப்பண்ணை, பழைய மரச்சாமான் கடை. முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய சாமான் வியாபாரத்தில் இருப்பவர்கள் இழைத்துச் சுரண்டும் மரத்தூசியில் பூஞ்சை வித்து இல்லாமல் இருக்காது. அப்புறம் பூட்டிக் கிடக்கும் வீடுகள். சென்னையிலோ மலேசியாவிலோ இருந்துவிட்டு, படைப்புக்கோ கல்யாணத்துக்கோ வந்து வீட்டைத் திறந்தால், இரண்டாங்கட்டில் ஓடு ஒழுகி உத்திரத்தில் சாம்பல் பச்சை படிந்திருக்கும். ஆஸ்பர்ஜில்லஸின் வித்து 2 முதல் 3 மைக்ரான்தான். துடைப்பத்தின் ஒரு வீச்சில் கிளம்பி, நுரையீரலின் ஆழம் வரை போகும். நல்ல நுரையீரல் அதைத் துடைத்து வெளியே தள்ளிவிடும். குழி விழுந்த நுரையீரலில்தான் தொல்லை.

பழைய வீடு என்றதும் வௌவால் எச்சத்தைப் பற்றியும் கேட்பார்கள். அதிலிருந்து வரக்கூடியது ஹிஸ்டோபிளாஸ்மா என்ற வேறு பூஞ்சை. இந்தியாவில் கங்கைச் சமவெளிப் பக்கம்தான் அதிகம் பேசப்படுகிறது, தமிழ்நாட்டில் அபூர்வம். அதற்குத் தனி ஆன்டிபாடி சோதனை இருக்கிறது. ஆஸ்பர்ஜில்லஸ் ரிப்போர்ட்டை வைத்து அதை இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல முடியாது.

படி 4: டிபி இல்லை என்பதை முதலில் உறுதிப்படுத்துங்கள்

இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. பூஞ்சையும் டிபியும் ஒரே நுரையீரலில் சேர்ந்தே இருக்கலாம். அரசு மருத்துவமனையில் சளி கொடுத்தால், டிபி கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் சிபிநாட் அல்லது ட்ரூநாட் சோதனையை இலவசமாகவே பார்ப்பார்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. ஏற்கெனவே டிபி வந்து குணமானவர்களின் சளியில் செத்த கிருமியின் மரபுப்பொருள் தங்கியிருந்து, இந்தச் சோதனை பாசிட்டிவ் காட்டலாம். சந்தேகம் வந்தால் கல்ச்சர் வளர்த்துப் பார்க்க வேண்டும். அதற்கு வாரக்கணக்கில் ஆகும். காத்திருப்பது எரிச்சல்தான், வேறு வழியில்லை.

எக்ஸ்ரேயை விட நெஞ்சு சிடி நிறையச் சொல்லும். குழிக்குள் உருண்டையாகப் பூஞ்சைப் பந்து, அதன் மேல் பிறை வடிவில் காற்று. நோயாளி குப்புறப் படுத்தால் பந்து உருண்டு இடம் மாறுவதும் சிலருக்குத் தெரியும். பந்து இல்லாமலும் நோய் இருக்கும். குழிகள் கூடிக்கொண்டே போவது, சுவரும் நுரையீரல் உறையும் தடிப்பது எல்லாம் அடையாளங்கள்.

படி 5: எங்கே கொடுப்பது

சிடிக்கும் சளிக்கும் சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கம். புதுக்கோட்டை எல்லையை ஒட்டிய ஊர்க்காரர்களுக்கு அங்குள்ள மருத்துவக் கல்லூரி. நெஞ்சக நோய்க்கென்றே மதுரைக்குத் தெற்கே தோப்பூரில் அரசு மருத்துவமனை இருக்கிறது. பழைய ஆட்கள் ‘தோப்பூர் டிபி ஆஸ்பத்திரி’ என்றால்தான் புரிந்துகொள்வார்கள். அறுவை சிகிச்சை, ரத்தக்குழாய் அடைப்பு சிகிச்சை வரை போக வேண்டிய கேஸ் என்றால் மதுரை ராஜாஜி, திருச்சி, வேலூர் சிஎம்சி என்று மருத்துவரே வழி சொல்வார்.

ஆன்டிபாடிக்கான ரத்தத்தைக் காரைக்குடியிலேயே கொடுக்கலாம். பெரும்பாலும் இங்குள்ளவை கலெக்‌ஷன் சென்டர்கள்தான். எடுத்த சீரம், ஐஸ் பெட்டியில் மதுரைக்கோ சென்னைக்கோ மும்பைக்கோ போய், ரிப்போர்ட் சில நாளில் போனுக்கு வரும். கட்டணம் பொதுவாக ஆயிரங்களில் வரும், இடத்துக்கு இடம் மாறும். பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள்.

எந்த முறையில் செய்கிறீர்கள்? எலைசாவா, இம்யூனோகேப்பா, பட்டை வடிவ ரேபிட் டெஸ்ட்டா? எந்த அலகில் எண் வரும், எந்த எண்ணுக்கு மேல் பாசிட்டிவ்? சனி மாலையில் எடுத்தால் எப்போது கிளம்பும்? மூன்றாவது கேள்வியைக் கேட்டால் கவுண்டரில் இருப்பவர் முகம் கொஞ்சம் மாறும். பரவாயில்லை. கிளம்பும் வரை குளிர்சாதனப் பெட்டியில் 2 முதல் 8 டிகிரிக்குள் இருந்தால் சில நாள் தாங்கும். சித்திரை வெயிலில் பைக்கின் பின்பெட்டியில் கிடக்கக் கூடாது, அவ்வளவுதான்.

படி 6: ரத்தம் எடுக்கும் நாள்

வெறும் வயிறு தேவையில்லை. இட்லி சாப்பிட்டுவிட்டே வாருங்கள். சர்க்கரைக்கு மாத்திரை போடுபவர்கள் பட்டினி கிடந்து மயங்கி விழுவதைத் தவிர்க்கலாம். விருந்து முடிந்த கையோடு மட்டும் வேண்டாம், கொழுப்பு மிதந்து சீரம் பாலாகத் திரிந்தால் சில கருவிகள் ஏற்காது.

முழங்கை மடிப்பில் 3 முதல் 5 மில்லி எடுப்பார்கள். சிவப்பு அல்லது மஞ்சள் மூடிக் குழாய். ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் நிறுத்திக் கேளுங்கள், அது ரத்த அணுக்கள் எண்ணுவதற்கானது. அரைமணி நேரம் உறைய விட்டு, சுற்றிப் பிரித்து, மேலே தெளியும் வைக்கோல் நிறச் சீரத்தைத்தான் அனுப்ப வேண்டும். அவசரத்தில் பிடித்து இழுத்து அணுக்கள் உடைந்தால் சீரம் ரோஜா நிறமாகும். அப்படியானால் திரும்ப எடுத்துவிடுவதே மேல்.

அலர்ஜி மாத்திரை சாப்பிடுபவர்கள் நிறுத்த வேண்டியதில்லை. தோலில் குத்திப் பார்க்கும் சோதனைக்குத்தான் அதை நிறுத்தச் சொல்வார்கள். ஸ்டீராய்டை மருத்துவர் சொல்லாமல் நீங்களாக நிறுத்தவே கூடாது. எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்று படிவத்தில் எழுதினால் போதும்.

லேபுக்குள் என்ன நடக்கிறது என்று ஆர்வம் உள்ளவர்களுக்கு: எலைசா தட்டில் உள்ள சிறு குழிகளின் அடியில் ஆஸ்பர்ஜில்லஸின் புரதங்களைப் பூசியிருப்பார்கள். அதில் உங்கள் சீரத்தை நீர்த்து ஊற்றினால், அந்தப் புரதத்துக்கான ஆன்டிபாடி இருந்தால் பூட்டில் சாவி போல் ஒட்டிக்கொள்ளும். மற்றதைக் கழுவிவிட்டு, ஐஜிஜியை மட்டும் பிடிக்கும் நொதி கட்டிய இன்னொரு ஆன்டிபாடியைச் சேர்ப்பார்கள். நொதி நிறத்தைக் கிளப்பும். நிறம் எவ்வளவு அடர்த்தியோ அவ்வளவு ஆன்டிபாடி. இது 1971-இல் வந்த முறை. அதற்கு முன் 1948-இல் ஸ்வீடன்காரர் ஊக்டர்லோனி காட்டிய வழிதான் நடப்பு. ஜெல் தட்டில் இரண்டு பள்ளம் வெட்டி, ஒன்றில் பூஞ்சைச் சாறு, இன்னொன்றில் சீரம் ஊற்றி, நடுவில் வெள்ளைக் கோடு விழுகிறதா என்று நாள்கணக்கில் காத்திருப்பார்கள். நான் மேலே சொன்ன அந்த 544 பேர் கணக்கு அந்தக் காலத்துக் கோடுகளை எண்ணியதுதான். இப்போதைய முறைகள் அதைவிட நுட்பமானவை.

படி 7: ரிப்போர்ட்டைப் படிப்பது

முதலில் அலகைப் பாருங்கள். இம்யூனோகேப்பில் ஐஜிஜி ‘எம்ஜிஏ/லிட்டர்’ என்று வரும். எலைசாவில் கம்பெனிக்குக் கம்பெனி வேறு அலகு. ஒரு லேபின் 35-ம் இன்னொரு லேபின் 35-ம் ஒன்றல்ல. பக்கத்து வீட்டுக்காரரின் எண்ணோடு ஒப்பிடுவதில் அர்த்தமே இல்லை.

எல்லைக்கோட்டிலும் சர்ச்சை உண்டு. இம்யூனோகேப்புக்கு 40 என்ற எண்ணை மேற்கில் பரவலாக எடுத்துக்கொண்டார்கள். சண்டிகர் பிஜிஐ மருத்துவமனையினர் 2018-இல் நம் நாட்டு நோயாளிகளை வைத்துப் பார்த்து, 27-ஐ ஒட்டிய எண்தான் இங்கே சரியாகப் பிரிக்கிறது என்றார்கள். அதனால் ரிப்போர்ட்டில் 32 என்று வந்து, பக்கத்தில் ‘நெகட்டிவ்’ என்று அச்சடித்திருந்தால், சிடியில் குழியும் உருண்டையும் உள்ளவருக்கு அதை அப்படியே விட்டுவிடக் கூடாது. நெஞ்சக மருத்துவரிடம் காட்டுங்கள். அச்சடித்த ‘நெகட்டிவ்’ கருவியின் கணக்கு. முடிவு அவருடையது.

இனி நடைமுறையில் வரும் நிலைமைகள்.

ஐஜிஜி கூடியிருக்கிறது, சிடியில் குழி அல்லது பந்து, மூன்று மாதத்துக்கு மேல் தொல்லை, டிபி இல்லை என்று உறுதியாகிவிட்டது. நான்கும் சேர்ந்தால் நாள்பட்ட நுரையீரல் ஆஸ்பர்ஜில்லோசிஸ் என்று மருத்துவர் முடிவுக்கு வரலாம். 2016-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டு நெறிகள் கேட்பதும் ஏறக்குறைய இதைத்தான்.

ஐஜிஜி கூடியிருக்கிறது, சிடி சுத்தம். இது அந்த நோய் இல்லை. அரிசி மில்லிலோ வைக்கோலிலோ நாள்பூராவும் இருப்பவருக்கு, நோயே இல்லாமல் ஆன்டிபாடி கூடியிருக்கலாம். ஆஸ்துமாவில், தூசி ஒவ்வாமையால் வரும் நுரையீரல் அழற்சியில்கூடக் கூடும். இந்த எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் பூஞ்சை மருந்து சாப்பிடுவது கல்லீரலுக்குக் கேடு. தானாக மருந்துக்கடையில் வாங்கிச் சாப்பிடுபவர்கள் இந்த வரியை இன்னொரு தரம் படிக்கவும்.

ஐஜிஜி குறைவு, ஆனால் படமும் தொல்லையும் பூஞ்சையைத்தான் காட்டுகின்றன. இங்கே மூன்று சந்தேகம். நோயாளிக்கு எதிர்ப்புச் சக்தி குறைவா? ஹெச்ஐவி, ஸ்டீராய்டு, சிலருக்குப் பிறவியிலேயே ஐஜிஜி குறைவு. அடுத்து, வந்திருப்பது வேறு இன ஆஸ்பர்ஜில்லஸா? பெரும்பாலான கிட் ஃப்யூமிகேட்டஸை வைத்துச் செய்தவை, நம் நாட்டில் ஃப்ளேவஸும் நிறைய. அல்லது வேறு நோயே காரணமா, முக்கியமாகப் புற்றுநோயா? பூஞ்சைப் பந்து என்று நினைத்தது கட்டியாக இருந்த கதைகள் மருத்துவத்தில் ஏராளம். இப்படிப்பட்டவருக்கு மூச்சுக்குழாய்க்குள் குழாய் விட்டுப் பார்க்கும் பிராங்கோஸ்கோபி, சதைப் பரிசோதனை என்று அடுத்த கட்டம் போக வேண்டும்.

ஆஸ்துமாக்காரரின் ரிப்போர்ட் வேறு மாதிரி. ஆஸ்பர்ஜில்லஸ் தனி ஐஜிஇ 0.35 அல்லது அதற்கு மேல் இருக்கிறதா என்பது முதல் படி. அது இல்லையென்றால் ஏபிபிஏ அநேகமாக இல்லை. இருந்தால் மொத்த ஐஜிஇ. முன்பு 1000-க்கு மேல் என்று கேட்டார்கள். 2024-இல் திருத்திய சர்வதேச வரையறையில் அது 500 ஆக இறங்கிவிட்டது. பழைய 1000-ஐ வைத்து ‘உனக்கு ஏபிபிஏ இல்லை’ என்று முன்பு சொல்லப்பட்டவர்கள் மறுபடி ஒரு தரம் காட்டலாம். கூடவே ரத்தத்தில் ஈசினோஃபில் என்ற வெள்ளையணு 500-க்கு மேல், ஐஜிஜி உயர்வு, சிடியில் மூச்சுக்குழாய் விரிவு என்று துணைச்சான்றுகளையும் பார்ப்பார்கள்.

படி 8: மருந்து தொடங்கியபின்

குழிப் பூஞ்சைக்கு இட்ரகோனசோல் மாத்திரை குறைந்தது ஆறு மாதம் போகும். லேப் ஆள் மருந்தைப் பற்றிப் பேசக் கூடாதுதான். ஆனாலும் இரண்டு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. டிபி மருந்தில் உள்ள ரிஃபாம்பிசின் இதை ரத்தத்தில் நிற்கவே விடாது. இரண்டையும் சேர்த்துச் சாப்பிட்டால் பூஞ்சை மருந்து தண்ணீரில் போட்ட உப்புதான். இரண்டாவது, சாதாரண இட்ரகோனசோல் கேப்சூலுக்கு வயிற்று அமிலம் வேண்டும். சாப்பாடு ஆனதும் போட வேண்டும், கேஸ் மாத்திரையோடு போட்டால் சரியாகச் சேராது. இதய பலவீனம், கொழுப்பு மாத்திரை, ரத்தம் உறையாமைக்கான மாத்திரை உள்ளவர்கள் எல்லாவற்றையும் மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். கால் வீக்கம், மஞ்சள் கண் வந்தால் உடனே காட்டுங்கள்.

ஐஜிஜியை மாதாமாதம் எடுக்காதீர்கள். மெதுவாகத்தான் இறங்கும், சிலருக்கு நோய் அடங்கினாலும் வருஷக்கணக்கில் உயரவே நிற்கும். எடை ஏறுகிறதா, இருமல் குறைகிறதா, படம் தெளிகிறதா என்பதே முதல் அளவுகோல். ஆறு மாதத்துக்கு ஒரு தரம் பார்த்தால் போதும், அதுவும் முதலில் எடுத்த அதே லேபில், அதே முறையில். கடைசி ரிப்போர்ட்டை விட எண் நன்றாக ஏறியிருந்து, தொல்லையும் திரும்பியிருந்தால், நோய் தலை தூக்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

ஏபிபிஏயில் மொத்த ஐஜிஇயைத் தொடர்வார்கள். அது 100-க்குக் கீழே வரும் என்று காத்திருக்க வேண்டாம், பெரும்பாலோருக்கு வராது. மருந்தில் எந்த எண்ணுக்கு இறங்கி நிற்கிறதோ அதுவே அவருடைய ‘நார்மல்’. அதிலிருந்து பாதியளவு மேலேறி, வீசிங்கும் திரும்பினால் மருத்துவரைப் பாருங்கள்.

சளியில் கீற்றாக ரத்தம் வந்தால் மறுநாள் ஓபியில் காட்டலாம். கரண்டிக் கணக்கில் வந்தால் ஆன்டிபாடி, ரிப்போர்ட் எதையும் யோசிக்காதீர்கள். 108-ஐ அழையுங்கள். எந்தப் பக்கம் நோய் என்று தெரிந்தால் அந்தப் பக்கம் கீழே இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். நல்ல நுரையீரலுக்குள் ரத்தம் இறங்காமல் இருக்கும்.

வீட்டு வேலை, வீட்டார் விஷயம்

பூட்டிய வீட்டைத் திறந்து தூசி தட்டும் வேலையை நோயாளி செய்யக் கூடாது, முதல் நாள் பக்கத்திலும் இருக்கக் கூடாது. செய்பவர்கள் என்95 முகக்கவசம் போட்டு, பெருக்கும்முன் தண்ணீர் தெளித்து, ஈரத்துணியால் துடைப்பது நல்லது. துணி முகக்கவசம் இந்த வித்துக்கு ஆகாது. பரணில் ஒழுகும் இடத்தைச் சரிசெய்யாமல் எத்தனை தரம் துடைத்தாலும் அடுத்த ஐப்பசி மழைக்குப் பச்சை திரும்ப வந்துவிடும்.

வீட்டில் மற்றவர்களுக்கும் இந்த ஆன்டிபாடி பார்க்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். தொல்லை இல்லாதவருக்கு எடுத்தால் அர்த்தமில்லாத ஓர் எண் வந்து, அதைச் சுமந்துகொண்டு மருத்துவர் மருத்துவராக அலைய வேண்டியிருக்கும். இந்தப் பூஞ்சை ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு இருமலிலோ எச்சிலிலோ தொற்றாது. டிபி கல்ச்சர் நெகட்டிவ் என்று வந்துவிட்டால், அப்பச்சிக்கு ஒதுக்கி வைத்த தட்டையும் டம்ளரையும் மற்றவற்றோடு சேர்த்தே கழுவலாம், பேரப்பிள்ளைகளை மடியில் வைத்துக்கொள்ளவும் விடலாம்.